கிளியரன்ஸ் பாஸ் ஒரே ஒரு தரம் நம்பினார்

கடவுள் நேரில் வந்து நின்று, "நான்தான் கடவுள்" என்று சொன்னால் காலில் விழுபவர்கள் உண்டு, வரம் கேட்பவர்கள் உண்டு. "பொறுங்க, ஒருக்கா அளந்து பாப்பம்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் கிளியரன்ஸ் பாஸ்தான். அளந்து பார்த்துச் சரியாக இருந்தாலும் விடமாட்டார். "சரியா இரிக்கு. அதுதான் எனக்குச் சந்தேகம்" என்பார்.

மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் டச்பார் பக்கம் போய் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக் குடும்பம், ஞானஸ்நானப் பெயர் ஒன்று நீளமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் அவரிடமே கேட்டேன். "என்னத்துக்குக் கேக்கிறா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அத்தோடு விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் மேசன், தச்சு வேலைக்காரர், மெக்கானிக் எல்லாரும் பாஸ்தான். இவர் எஞ்சினுக்குள் ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியை, அதாவது கிளியரன்சை, அளப்பதிலேயே ஆயுளில் பாதியைக் கழித்தபடியால் கிளியரன்ஸ் பாஸ் ஆகிவிட்டார்.

மனிதர் மீன் வாங்கப் போனால் மீனின் செவுளைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், பிறகு விற்பவரின் கண்ணையும் பார்ப்பார். தேத்தண்ணி கொடுத்தால் உடனே குடிக்கமாட்டார். "சீனி போட்டதா?" என்று கேட்பார். போட்டது என்றால், கரண்டியை விட்டு அடிவரை கிண்டி, ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கட்டிக்கொண்ட மனைவி திரேசா அக்கா முப்பது வருடமாகச் சீனி போட்டுக் கொடுக்கிறார். முப்பது வருடமாக இவர் கிண்டிக்கொண்டிருக்கிறார்.

பறங்கியர் கலியாணங்களில் வயலின் வாசிப்பார் என்று கேள்விப்பட்டு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கேக் வெட்டினார்கள், சுருதி சேர்த்தார். ஆட்டம் தொடங்கி, பாட்டிமார் எல்லாம் ஆடி முடித்து உட்கார்ந்தார்கள், சுருதி சேர்த்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறிக் கதவைச் சாத்தும்போதுதான் வில்லைக் கையில் எடுத்தார். வாவியில் மீன் பாடுகிறது என்று வெளியூர்க்காரர் ஒருவர் தோணியில் போய், தண்ணீருக்குள் விட்ட துடுப்பில் காதை வைத்து உருகிக்கொண்டிருந்தபோது, இவரும் தன் காதை வைத்துக் கேட்டாராம். "இது பாட்டில்ல. வால்வ்ல கேப் கூடிப் போச்சு" என்று சொல்லிவிட்டுத் தோணியை விட்டு இறங்கியிருக்கிறார்.

கல்லடியில் புதுப் பாலம் திறந்தபோது ஊரே சோடித்துக்கொண்டு நடந்து பார்த்தது. இவர் காலையில் ஒரு தரம், உச்சி வெயிலில் ஒரு தரம் போய், பாலத்தின் பொருத்தில் விட்டிருந்த இடைவெளிக்குள் ஒரு மரச் சீவலைச் செருகிப் பார்த்தார். வெயிலில் இரும்பு நீளும், அதற்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று சந்தேகம். இரண்டாம் தரம் சீவல் இறுகியதும் எழும்பி, "சரியாத்தான் உட்டிரிக்கானுகள்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு நற்சாட்சி அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் எஞ்சினைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்போது நான் டோஹாவில் கட்டடங்களுக்குக் குளிரூட்டி பூட்டும் வேலையில் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் அறுபது நாள் லீவு. வீட்டு முற்றத்தில் எனக்கென்று ஒரு பழைய ஜப்பான் கார் தார்ப்பாய்க்குள் படுத்திருந்தது. அதற்கு ஒரு பந்தய எஞ்சின் கட்டி, வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் பந்தயத்தில் ஓட்டிவிட வேண்டும் என்பது என் பைத்தியம். மற்றவர்கள் லீவில் வரும்போது பால்மாவும் சொக்லட்டும் கொண்டுவருவார்கள். நான் உயரமான பிஸ்டன் நாலையும் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தேன். அதற்கு முந்திய லீவில் பந்தயக் கம் ஷாப்ட். அதற்கு முந்திய லீவில் வால்வ் ஸ்பிரிங். பிள்ளைகள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள்.

என் மனைவி பொறுமைசாலி. அதற்கும் ஒரு அளவு இருந்தது.

"மூணு லீவாப் பாத்துட்டன்," என்றாள். "இந்த முறையும் அது ஓடல்லெண்டா, நீங்க பிளேன் ஏறின மறுகா நான் அத வித்துப் போடுவன். பிறகு என்னைப் பேசக் கூடாது."

"சரி," என்றேன்.

"சும்மா சரியெண்டு சொல்லாம, பிள்ளையார சாட்சி வச்சுச் சொல்லுங்க."

களுதாவளைப் பிள்ளையாரை சாட்சி வைத்துச் சொன்னேன். லீவு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, ஒரு பந்தயம் இருந்தது. பெயர் கொடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை எனக்கு பிளேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கார் ஓடினால் கார் என்னுடையது, ஓடாவிட்டால் யாருடையதோ.

எஞ்சின் விஷயம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் கீழிருந்து மேலே வரும். வால்வ் மேலிருந்து கீழே இறங்கும். இரண்டும் வருவது ஒரே இடத்துக்கு. ஒன்று விலகினால்தான் மற்றது வரலாம். சாதாரண எஞ்சினில் நடுவில் தாராளமாக இடமிருக்கும், பயமில்லை. நான் கொண்டுவந்த பிஸ்டன் உயரம் கூடியது, கம் ஷாப்ட் வால்வை இன்னும் ஆழமாக இறக்குவது. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. முழு வேகத்தில் ஒரு தரம் முட்டினால் போதும், மூன்று லீவும் துவாயும் அந்த இடத்திலேயே பழைய இரும்பு. அதனால் எஞ்சினை மூடும் முன் அந்த இடைவெளியை அளக்க வேண்டும். அளக்கத் தெரிந்தவர் எங்கள் மாவட்டத்தில் ஒருவர்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் மூடி முடித்த எஞ்சினை யாரும் கண்டதில்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

முதல் வேலையாக, நான் கொடுத்த பிஸ்டன்களை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார்.

"பெட்டியில அளவு போட்டிருக்கே, பாஸ்," என்றேன்.

"பெட்டி அடிச்சவன் வேற, பிஸ்டன் அடிச்சவன் வேற," என்றார்.

அளந்ததையெல்லாம் கராஜின் தகரக் கதவில் சோக்கால் திகதியோடு எழுதினார். தாளில் எழுதினால் யாராவது மாற்றிப்போடுவார்களாம், கதவைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலாதாம். அந்தக் கதவில் எனக்கு முந்திய பத்துப் பதினைந்து பேரின் எஞ்சின் கணக்குகளும் அழியாமல் இருந்தன. அந்த எஞ்சின்களெல்லாம் எங்கே என்று கேட்டேன். அவர் அடுத்த அளவை எழுதினார்.

பிஸ்டன் வளையத்தின் வாயை அளக்க மூன்று நாள் எடுத்தார். கிராங் பெயாரிங்குக்கு எட்டு நாள். டோர்க் ஸ்பானர் என்று ஒன்று இருக்கிறது. சொன்ன அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று சத்தம் போடும். அதையும் நம்பவில்லை. ஒரு மீற்றர் கம்பியின் ஒரு நுனியை அதில் கட்டி, மறு நுனியில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு, அது டிக் என்கிறதா என்று பார்த்தார். டிக் என்றது. உடனே அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார், உண்மையிலேயே பத்துக் கிலோதானா என்று நிறுத்துப் பார்க்க. நான் கராஜ் வாசலில் இருந்து நாட்களை விரல்விட்டு எண்ணினேன்.

கடைசியில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் அளக்கும் நாள் வந்தது. இதற்குப் பிள்ளைகள் விளையாடும் கலர் களிதான் வேண்டும். பிஸ்டன் தலையில் களியை அப்பி, மேலே கஸ்கட் என்ற மெல்லிய தகட்டை வைத்து, எஞ்சினின் மூடியான ஹெட்டைப் பூட்டி இறுக்கி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் வால்வ் வந்து களியை அமுக்கும். பிறகு ஹெட்டைக் கழற்றி, களியை பிளேடால் வெட்டி, மெல்லிய இடத்தின் தடிப்பை அளக்க வேண்டும். அந்தத் தடிப்புத்தான் இடைவெளி. உள்ளிழுக்கும் வால்வுக்கு இரண்டு மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. இதுதான் முழு வேலையும். ஒரு பின்னேரம் போதும்.

புத்தகக் கடையில் களி வாங்கிக் கொடுத்தேன். பெட்டியில் ஆறு கலர். பாஸ் ஆறிலும் ஒவ்வொரு உருண்டை உருட்டி வரிசையாக வைத்து, ஒரே கட்டையால் அமுக்கிப் பார்த்தார்.

"சிவப்பு மெது. பச்சை ஒள்ளுப்பம் தடிப்பம். மஞ்சள நான் நம்பமாட்டன்," என்றார். (ஒள்ளுப்பம் என்றால் எங்கள் பக்கத்தில் கொஞ்சம்.)

"எதையாவது ஒண்டப் போடுங்க, பாஸ். ஞாயிறு வருகுது."

"ஞாயிறு எல்லாக் கிழமையும் வரும்."

அன்று திங்கட்கிழமை. நீலத்தைத் தெரிவுசெய்து அப்பி, ஹெட்டை வைத்தார். வலது தோளில் பிடிப்பு என்று இறுக்கும் வேலையை மட்டும் என்னிடம் விட்டார். பத்து போல்ட். எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்கக் கூடாது. முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம், மூன்றாம் தரம் முழுதாக. "மூணு தரம்" என்று மூன்று விரலைக் காட்டிவிட்டு, வால்வை அமுக்கும் டெப்பட்டின் இடைவெளியை அளக்கும் தகடான பீலர் கேஜில் ஏதோ சந்தேகம் வந்து உள்ளே போனார்.

இங்கே நான் ஒரு வேலை செய்தேன். இரண்டு தரம் இறுக்கினேன். மூன்றாம் தரம் ஸ்பானரைப் போட்டபோது கையெல்லாம் வேர்வை, தகரக் கூரைக்குக் கீழே வெயில் கொதிக்கிறது, போனில் மனைவி. இன்னும் அரைமணியில் கழற்றப் போகிற ஹெட்டுக்கு எதற்கு இவ்வளவு இறுக்கம் என்று தோன்றியது. ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டேன். அவர் வந்து, டெப்பட்டைச் சரிபார்த்து, எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி, ஹெட்டைக் கழற்றினார். களியை வெட்டினார். அளந்தார்.

இரண்டு தசம் இரண்டு. நாலு பிஸ்டனிலும் அதே கணக்கு.

நான் கைதட்டினேன். அவர் தட்டவில்லை. கதவில் எழுதியிருந்த கணக்கைப் பார்த்தார், களியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ட கணக்குக்கு ரெண்டுக்குக் கீழ வரணும்," என்றார். "கூட வந்திரிக்கு."

"கூட வந்தா நல்லம்தானே, பாஸ்?"

"நல்லம் எப்பிடி வந்ததெண்டு தெரியாம அத வீட்டுக்குள்ள எடுக்க ஏலாது."

அடுத்த நாள் நான் போனபோது கராஜ் பூட்டியிருந்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பாஸ் பின்கதவால் ஒரு பொட்டலத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். இத்தனை நாளும் எஞ்சினை மூடாமல் இழுத்தடித்தது இதற்குத்தானா? என் பிஸ்டன் யாருக்கோ போகிறதா? இதுவரை இவர் கராஜுக்குப் போன எஞ்சின் எதுவும் ஏன் வெளியே வரவில்லை என்பதற்கும் விடை கிடைத்ததுபோல் இருந்தது. நானும் சைக்கிளை எடுத்துப் பின்னால் மிதித்தேன். சந்தேகம் தொற்று வியாதி என்று அன்றுதான் கண்டேன்.

பாலத்தைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தார். நான் கதவிடுக்கால் பார்த்தேன். உள்ளே ஐஸ் அறையில், இரண்டு பெரிய அறுக்குளா மீனுக்கு நடுவில் ஒரு பலகையில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நீலக் களித் துண்டுகள் எட்டு. ஐஸ் தூக்குகிற ஆட்கள் வேலையை விட்டுச் சுற்றி நின்றார்கள்.

"என்ன பாஸ், மீனுக்கு மருந்தா?" என்று ஒருவர் கேட்டார்.

"கராஜ் சூட்டில களி இளகுது. அளவுகோலும் நீளுது," என்று நடுங்கிக்கொண்டு சொன்னார். "குளிர்ல ஒருக்கா அளந்து பாக்கிறன்."

குளிரிலும் இரண்டு தசம் இரண்டு. அவர் முகம் விழுந்துவிட்டது. வெளியே வந்தவர் என்னைக் கண்டார். நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று அவருக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. வெட்கப்பட்டது நான்தான். இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம். அவரிடம் மீன் வாடை அடித்தது.

பாலத்தடியில் நின்றார்.

"களியச் சந்தேகப்பட்டன், அது சரி. அளவுகோலச் சந்தேகப்பட்டன், அதுவும் சரி. வெயிலையும் பாத்தாச்சு. மிச்சம் நீதான், தம்பி." குரலில் கோபமில்லை. "மூணு தரமும் இறுக்கினியா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு சொல் போதும். ஆனால் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. சொன்னால் திரும்பவும் களி, திரும்பவும் ஆறு கலர். ஞாயிறு போய்விடும், கார் போய்விடும்.

"இறுக்கினன், பாஸ்."

"மூணு தரமும்?"

"மூணு தரமும். சத்தியமா."

இன்னும் பத்துக் கேள்வி வரும், அரிசிப் பையைக் கொண்டுவந்து என் தலையில் தொங்கவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தோளில் கையை வைத்தார்.

"சரி. உன்ட கதைய நம்புறன்," என்றார். "நாளைக்கு மூடுவம்."

அவர் யாரையாவது நம்பி நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்குச் சந்தோசம் வரவில்லை.

புதன்கிழமை எஞ்சினை மூடிவிட்டார் என்று ஆள் மூலம் செய்தி வந்தது. ஊரில் அது பெரிய செய்தி. முடி வெட்டும் கடையில்கூடப் பேசிக்கொண்டார்கள். என் மனைவியே "அப்ப உண்மையா ஓடப் போகுதா?" என்று கேட்டுவிட்டு, தார்ப்பாயை மடித்து வைத்தாள். பிள்ளைகள் காரைக் கழுவினார்கள். நான் மட்டும் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் பத்து போல்ட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை காலை எஞ்சினை ஏற்ற ஒரு சின்ன லொறியைப் பிடித்துக்கொண்டு போனேன்.

வாசலில் திரேசா அக்கா நின்றார்.

"வா மனே. நீயாவது என்னெண்டு கேளு. ரெண்டு நாளா அந்த மனிசன் சோறு திங்கல்ல. காய்ச்சலா எண்டு கேட்டா, இல்லையாம். ஆரையோ நம்பிப் போட்டாராம்."

உள்ளே பாஸ் ஒரு பெட்டியின் மேல் குந்தியிருந்தார். பக்கத்தில் என் எஞ்சின், துடைத்துப் பளபளவென்று, மூடியபடி. மனிதர் இரண்டு நாளில் இரண்டு வயது கூடியவராகத் தெரிந்தார். ஹெட்டைத் தடவிக்கொண்டு, "அழகா இரிக்கு, என்ன?" என்றார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"பாஸ், நான் பொய் சொன்னன். மூணாந்தரம் இறுக்கல்ல."

லொறிக்காரர் வாசலில் ஹோர்ன் அடித்தார். நான் ஸ்பானரால் அடி விழும் என்று கொஞ்சம் தள்ளி நின்றேன். பாஸ் மெல்ல நிமிர்ந்தார். அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, கண்ணில் பழைய சந்தேகம் வந்து உட்கார்ந்தது.

"அப்ப கஸ்கட் முழுக்க நசியல்ல," என்றார். "ஹெட் ஒள்ளுப்பம் உயர நிண்டிரிக்கு. அதுதான் கூடக் காட்டியிரிக்கு." பிறகு உள்பக்கம் திரும்பி, "திரேசா, சோத்தப் போடு" என்றார்.

இரண்டு தட்டு சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, மூடிய எஞ்சினைத் திறந்தார். களி அப்பினோம். இந்த முறை போல்ட்டை நான் இறுக்க, ஒவ்வொரு டிக்கையும் அவர் பக்கத்தில் நின்று எண்ணினார். ஹெட்டைக் கழற்றி வெட்டினோம். ஒன்று தசம் ஏழு.

அந்த மெல்லிய நீலத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அந்தப் பக்கம் நிற்கும் லொறியே தெரிந்துவிடும்போல் மெலிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழு வேகத்தில் நான் மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கப் பயம். பிஸ்டன் தலையில் வால்வுக்கு இன்னும் ஆழமாகப் பள்ளம் வெட்ட வேண்டும். அதற்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். இரண்டு நாளில் நடக்கிற காரியமில்லை. லொறியை வெறுமனே திருப்பி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நான் இல்லாமல் நடந்தது. செவ்வாய்க்கிழமை பிளேன் ஏறினேன். விமான நிலையத்தில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையார் சாட்சி, என்ன?" என்றாள். "ஓம்" என்றேன். அழுகை வந்தது, காருக்காக அழுகிற வயதா என்று அடக்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து வாங்குகிற ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எஞ்சின் இருப்பது கராஜில் என்பதால் மனைவி அவர்களை அங்கேதான் அனுப்ப வேண்டும். முதலில் காத்தான்குடியிலிருந்து ஒருவர் வந்தார், காரைப் பார்த்து ஆசைப்பட்டு, எஞ்சினைப் பார்க்கப் போனார். அரைமணியில் திரும்பி வந்து, "வேணாம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்து ஏறாவூரிலிருந்து ஒருவர். அவரும் அப்படியே. மூன்றாவது ஆளோடு மனைவியும் கூடப் போனாள். அன்றைக்கு எனக்குப் போன் எடுத்துக் கத்தியதில் டோஹாவில் என் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் எழும்பிவிட்டான்.

"அந்த மனிசன் என்ன சொல்றாரு தெரியுமா? வாங்க வந்த ஆளிட்ட, 'இதில வால்வ் இடிக்கும் தம்பி, ஒண்டு தசம் ஏழுதான் இரிக்கு, ஓட்டினா வெடிக்கும், நான் பொறுப்பில்ல' எண்டு சொல்றாரு. களியையும் காட்டுறாரு. ஆரு வாங்குவான்? இவர் இருக்குமட்டும் இந்தக் கார் விலைப்படாது."

"உள்ளதத்தானே சொல்லுறாரு," என்றேன். நான் சிரித்தது அவளுக்குக் கேட்டுவிட்டது. போனை வைத்துவிட்டாள். நாலாவது ஆள் வரவில்லை. விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. கார் மறுபடி தார்ப்பாய்க்குள் போனது.

அடுத்த லீவில் வந்திறங்கிய மறுநாள் காலையில் கராஜுக்குப் போனேன். எஞ்சின் திறந்தபடி எனக்காகக் காத்திருந்தது. பிஸ்டன் தலைகளில் பள்ளம் அழகாக வெட்டியிருந்தது. பாஸ் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா தகரக் கதவை வாசித்துக்கொண்டு நின்றேன். என் எஞ்சின் கணக்கு நீளமாக இறங்கிப் போயிருந்தது. கடைசி வரியில், "பள்ளம் வெட்டி வந்தது. களி: 2.4. சரி." பக்கத்தில் திகதி.

அந்தத் திகதியை மூன்று தரம் வாசித்தேன். நான் பிளேன் ஏறி மூன்றாவது கிழமை.

அப்படியென்றால் காத்தான்குடிக்காரர் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்பே எஞ்சின் சரியாகிவிட்டது. ஒன்று தசம் ஏழும் இல்லை, இடிப்பதும் இல்லை, வெடிப்பதும் இல்லை. அளக்காமல் ஒரு சொல் சொல்லாத மனிதர், மூன்று பேரிடம் பழைய களியைக் காட்டி, முகம் மாறாமல் பொய் சொல்லியிருக்கிறார்.

அந்த முறை இருவருமாகச் சேர்ந்து எஞ்சினை மூடினோம். மூன்று தரம் இறுக்கினேன். அவர் எண்ணவில்லை, வெளியே போய் நின்றார். பந்தயத்தில் பதினாலு காரில் பதினோராவதாக வந்தேன். கடைசிச் சுற்றில் மிதித்த மிதியில் எஞ்சின் அலறியது, ஆனால் உள்ளே ஒன்றும் ஒன்றைத் தொடவில்லை. என் மனைவி ஓரத்தில் நின்று சத்தம் போட்டுச் சத்தம் போட்டு மூன்று நாள் தொண்டை கட்டிக் கிடந்தாள். காரை விற்கிற பேச்சு அதற்குப் பிறகு வீட்டில் வரவில்லை.

ஓடி முடித்து வந்ததும் பாஸ் பொனட்டைத் திறந்து, சூடு பறக்கும் எஞ்சினுக்குக் கிட்டக் காதை வைத்துக் கேட்டார். நீண்ட நேரம் கேட்டார். எனக்கு அந்தக் கதவுத் திகதியைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும்போல் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் "என்னத்துக்குக் கேக்கிறா?" என்பார். என்னிடம் ஒரு பொய்யை வாங்கிக்கொண்டு பட்டினி கிடந்த மனிதர், எனக்காக மூன்று பொய் சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் நிற்கிறார். எனக்கு அவர்மேல் அப்படியொரு பாசம் பொங்கி வந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போய்ப் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினேன்.

"சீனி போட்டதா?" என்றார்.

"போட்டது, பாஸ்."

கரண்டியைத் தேடாமல், கிண்டிப் பார்க்காமல், அப்படியே வாங்கிக் குடித்தார்.